சான் பிரான்சிஸ்கோவின் நாள் வாடகை வீடுகள்

சான் பிரான்சிஸ்கோவில் குடியிருப்பு வீட்டை 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது 2015 வரை பெரும்பாலும் சட்டத்துக்கு மாறானதாக இருந்தது. மூன்று பக்கம் நீர் சூழ்ந்த ஊர் அது. வீடு கிடைப்பது அரிது. இருக்கும் வீடுகளும் சுற்றுலா விடுதிகளாகிவிடக் கூடாது என்பதற்கே அந்தத் தடை.

2007 அக்டோபரில் அங்கு வடிவமைப்பாளர் மாநாடு ஒன்று நடந்தபோது ஓட்டல் அறைகள் நிரம்பிவிட்டன. பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரு இளைஞர்கள், கையைக் கடித்த வாடகையைச் சமாளிக்கத் தங்கள் வீட்டில் மூன்று காற்று மெத்தைகளைப் போட்டு, காலை உணவோடு ஓர் இரவுக்கு 80 டாலர் வாங்கினர். மறு ஆண்டு அது இணையதளமாயிற்று. ஏர்பிஎன்பி அப்படித்தான் பிறந்தது. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் அதில் ஏறின. சொந்த வீட்டில் ஓர் அறையை விட்டவர்களோடு, மாத வாடகை வீட்டையே நாள் வாடகைக்கு மாற்றியவர்களும் சேர்ந்துகொண்டனர். குடித்தனக்காரர்கள் எதிர்த்தது இதனால்தான்; அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது.

மேயர் எட் லீ கையெழுத்திட்ட புதிய சட்டம் 2015 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி, ஆண்டுக்கு 275 நாளாவது ஒரு வீட்டில் குடியிருப்பவர் மட்டுமே அங்கு விருந்தினரை ஏற்கலாம். அவர் உடனிருந்தால் வரம்பில்லை. இல்லாவிட்டால் 90 இரவுகள்தான். 275-ஐயும் 90-ஐயும் கூட்டினால் 365. அதாவது, வெளியூர் போகும் நாட்களில் வீட்டை வாடகைக்கு விடலாம். நாள் வாடகைக்கென்றே தனி வீடு வைத்து நடத்த முடியாது. இதோடு நகர நிர்வாகத்தில் பதிவு, 14 சதவீத ஓட்டல் வரி, 5 லட்சம் டாலர் காப்பீடு ஆகியவையும் உண்டு.

கணக்கு சரிதான். ஆனால் வீட்டுக்காரர் எந்த இரவு உள்ளே இருந்தார் என்று கதவு கதவாகப் போய்ப் பார்க்க எந்த நகரத்தாலும் முடியாது. பதிவு செய்தவர்களும் சொற்பம். வரம்பை 75 இரவாகக் குறைக்கும் ‘எஃப்’ முன்மொழிவு 2015 நவம்பர் வாக்கெடுப்பில் தோற்றது. அதை எதிர்த்து ஏர்பிஎன்பி 80 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டது.

2016-இல் நகரம் வழியை மாற்றியது. பதிவில்லாத வீடுகளுக்கு இணையதளத்தையே பொறுப்பாக்கிச் சட்டம் இயற்றியது. நிறுவனம் நீதிமன்றம் போனது. 2017 மே மாதம் சமரசம் ஏற்பட்டது. 2018 ஜனவரியில் பதிவில்லாத வீடுகள் தளத்திலிருந்து நீக்கப்பட்டன. அதில் இருந்த சான் பிரான்சிஸ்கோ வீடுகளில் ஏறக்குறைய பாதி மறைந்தன.