1987: அமைதிப்படையின் முதல் 84 நாட்களும் நாமும்

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அதைப் போர் என்று புதின் சொல்லவில்லை, 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றார். அந்த வாரம் எங்கள் மாலை நேரப் படிப்பு வட்டத்தில் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். ஒரு கட்சிக்கு அமெரிக்கா குற்றவாளி, இன்னொரு கட்சிக்கு ரஷ்யா. நம் நாட்டு ராணுவம் இப்படிப் பக்கத்து நாட்டுக்குள் போனதுண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை.

போயிருக்கிறது. விருதுநகரிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் ராமேஸ்வரம். அங்கிருந்து கொஞ்சம் கடலைத் தாண்டினால் அந்த நாடு. போன படைக்கு 'இந்திய அமைதி காக்கும் படை' என்று பெயர். சிங்களர்களில் பெரும்பகுதி அதை முதல் நாளே படையெடுப்பு என்றார்கள். யாழ்ப்பாணத்தார் அதற்கு மாலை போட்டார்கள், எழுபது நாள் கழித்து அவர்களும் ஆக்கிரமிப்பு என்றார்கள். தமிழ்நாடு முதலில் கைதட்டியது, பிறகு குழம்பியது, பிறகு சண்டை போட்டது. ஒரே படைக்கு இத்தனை பெயர். முதல் பெயரை யார் வைத்தார்கள், யாருடைய குரல் அதில் இல்லை என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

1987 மே 26 அன்று இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரும் தாக்குதலைத் தொடங்கியது. ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து உணவும் மருந்தும் ஏற்றிப் போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாளே இந்திய விமானப்படையின் ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து சுமார் 25 டன் பொருட்களைப் போட்டன. 'பூமாலை நடவடிக்கை' என்று பெயர். இன்னொரு நாட்டு வான்வெளிக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்ததற்கு இவ்வளவு மங்கலகரமான பெயர்! தமிழ்நாட்டில் அதைக் குறை சொன்னவர்கள் மிகக் குறைவு. 1983 ஜூலைப் படுகொலையைப் பார்த்த சமூகம் அப்படித்தான் நினைக்கும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று எம்.ஜி.ஆர். அரசே முன்நின்று நடத்திய பந்த்தில் மாநிலம் முழுக்க முடங்கியது. அந்தக் கோபமும் துக்கமும் பொய்யில்லை.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நகரத்தில் ஊரடங்கு. முந்தைய நாள் எதிர்ப்பு ஊர்வலத்தின்மீது போலீஸ் சுட்டிருந்தது. ஜூலை 30 அன்று அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு சிங்களக் கடற்படை வீரர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினார். அதே நாட்களில் பலாலியில் இறங்கிய இந்தியச் சிப்பாய்களை யாழ்ப்பாணத்து மக்கள் தெருவில் நின்று வரவேற்றார்கள். ஆகஸ்ட் 2 அன்று சென்னை மெரினாவில் ராஜீவும் எம்.ஜி.ஆரும் ஒரே மேடையில் ஏறினார்கள், பெருங்கூட்டம். இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் ஒப்பந்தத்தை வரவேற்றன. தி.மு.க., திராவிடர் கழகம், பழ. நெடுமாறன் ஆகியோர் எதிர்த்தார்கள். ஆகஸ்ட் 4 அன்று சுதுமலையில் பேசிய பிரபாகரனின் பேச்சிலேயே மனத்தாங்கல் தெரிந்தது.

அப்போது நம் மாவட்டத்தின் பெயர் காமராஜர் மாவட்டம். 1985இல்தான் ராமநாதபுரம் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1987 இந்தியா முழுக்கக் கடும் வறட்சி ஆண்டு. மானாவாரி பொய்த்த கரிசல் கிராமங்களிலிருந்து விடியற்காலை இருட்டில் கம்பெனி பஸ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆலைக்கும் போய்க்கொண்டிருந்தது. சிவகாசி வட்டாரத்தில் சுமார் 45,000 குழந்தைத் தொழிலாளர்கள் என்பது எண்பதுகளில் பலரும் எடுத்துச் சொன்ன மதிப்பீடு. அவர்களுக்காக எம்.சி. மேத்தா போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது, முதல் தீர்ப்பு 1990 அக்டோபர் 31இல்தான் வந்தது. குச்சி அடுக்கிய கைகளில் கணிசமானவை நம் தெருப் பிள்ளைகளின் கைகள்.

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்றால் இங்கே தீபாவளிச் சரக்கு லாரி ஏறும் காலம். ஓர் இடைச்செருகல்: சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கும் வெடிக்கு 'அணுகுண்டு' என்று பெயர் வைத்து விற்கும் ஊர் இது, குண்டு போடப் போகும் படைக்கு 'அமைதி' என்று பெயர் வைப்பது டெல்லி. பெயரை மட்டும் பார்த்து உள்ளே இருக்கும் மருந்தை அளக்க முடியாது என்பது பட்டாசுத் தொழிலாளிக்கு நன்றாகத் தெரியும்.

இனி செப்டம்பருக்கு வருவோம். 15ஆம் தேதி நல்லூரில் திலீபன் தண்ணீரும் குடிக்காமல் உண்ணாவிரதம் தொடங்கி, 26ஆம் தேதி உயிர்விட்டார். தமிழ்நாட்டின் ஈழ ஆதரவு மேடைகளில் இந்த நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுகூரப்படுகின்றன. அதே நாட்களில், செப்டம்பர் 17 முதல் 23 வரை, வட மாவட்டங்களில் வன்னியர் சங்கத்தின் ஒருவார சாலை மறியல் நடந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களை வைத்து 21 தியாகிகள் என்று ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்த வாரத்தில் தென்னாற்காடு பகுதியில் சேரிகள் கொளுத்தப்பட்டன. இடஒதுக்கீடு கேட்டு அரசை எதிர்த்து நடந்த போராட்டத்தின் தீ ஏன் சேரிக் கூரையில் விழுந்தது?

இரண்டையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லவில்லை. நல்லூரில் பட்டினி கிடந்தவரின் உயிர் சின்னதல்ல. ஆனால் 'தமிழன் அழிகிறான்' என்று கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கண்ணீர் விட்ட அதே வாரத்தில், கடலுக்கு இந்தப் பக்கம் வீடு எரிந்து நின்றவர்கள் 'தமிழன்' என்ற கணக்கில் வரவில்லை. அவர்கள் 'காலனிக்காரர்கள்'. செப்டம்பர் 1987ஐ எழுதுகிறவர்கள் இந்த இரண்டு செய்தியையும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

அக்டோபர் 10 அன்று 'பவன் நடவடிக்கை' தொடங்கியது. முதல் வேலையாக ஈழமுரசு, முரசொலி என்ற இரண்டு யாழ்ப்பாணப் பத்திரிகைகளின் அச்சகங்களை இந்தியப் படை வெடிவைத்துத் தகர்த்தது. அச்சுத் தொழிலை நம்பி வாழும் சிவகாசிக்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 11ஆம் தேதி இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கினார்கள். 13ஆவது சீக்கியக் காலாட்படையைச் சேர்ந்த 30 பேர் தனியாகச் சிக்கிக்கொண்டார்கள். 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார்.

அந்த 29 பேர் யார்? சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி என்ற அந்த ரெஜிமென்ட் மஸபி, ராம்தாசியா சீக்கியர்களிலிருந்து ஆள் எடுப்பது. அதாவது பஞ்சாபின் தலித்துகள். சாதி இல்லை என்று சொல்லும் மதத்திலும் தனி ரெஜிமென்ட். நவம்பர் 25 அன்று கொல்லப்பட்டு, பிறகு பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பணியாற்றியது 8ஆவது மகர் பட்டாலியனில். மகர்களை ஆங்கிலேயர்கள் 1890களில் ராணுவத்தில் சேர்ப்பதை நிறுத்தினார்கள், முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது சேர்த்தார்கள், போர் முடிந்ததும் கலைத்தார்கள். 1941இல் அம்பேத்கர் வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்தபோது, அவருடைய முயற்சியும் சேர்ந்துதான் மகர் ரெஜிமென்ட் உருவானது. பின்னாளில் அது எல்லாச் சமூகத்தினரையும் கொண்ட படையானது என்றாலும் பெயர் அப்படியே நிற்கிறது. சமத்துவத்துக்கான கதவு என்று அம்பேத்கர் தட்டித் திறந்த ஒரு கதவு, 46 ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கும் போனது. இது சங்கடமான செய்திதான். ராணுவ வேலையை வீட்டின் விடிவாகப் பார்க்கும் நம் இளைஞர்களோடு பேசும்போது இந்தச் சங்கடத்தை மறைக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 21. அன்று இந்தியப் படை யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்து சுட்டது. மறுநாள் வரை அது நீடித்தது. மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டதால் திருப்பிச் சுட்டோம் என்றது இந்தியத் தரப்பு. கொல்லப்பட்டவர்களில் சீருடை அணிந்து பணியிலிருந்த மருத்துவ ஊழியர்கள் உண்டு. ராஜினி திராணகமவும் அவருடைய சக ஆசிரியர்களும் எழுதிய 'முறிந்த பனை' இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறது. இந்தியப் படையின் குற்றங்களையும் புலிகளின் குற்றங்களையும் ஒரே நேர்மையோடு எழுதிய ராஜினி, 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஒப்பந்தத்திலிருந்து அந்தத் தீபாவளிக்கு 84 நாள். நம் ஊர் வெடி தமிழ்நாடெங்கும் வெடித்துக்கொண்டிருந்த நாள் அது.

முதல் நாள் எதிர்வினைகளில் விடுபட்ட இன்னொரு கூட்டமும் உண்டு. இலங்கையிலேயே இருந்தும் ஒப்பந்தப் பேச்சின் ஓரத்தில் நின்றவர்கள்: மலையகத் தமிழர்கள். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கண்டித் தோட்டங்களுக்குப் போனவர்களில் பள்ளர், பறையர், சக்கிலியர் பெரும்பான்மை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஆட்டு மந்தையைக்கூட ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் பிரிப்பார்கள். இவர்களைப் பிரிப்பதற்கு முன் ஒருவார்த்தை கேட்கவில்லை.

கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தவர்களை நம் ஊர்கள் 'சிலோன்காரர்கள்' என்றன. அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். ஆனால் சாதி மட்டும் இரண்டு கரையிலும் மாறவில்லை. 1987இல் சிங்களத் தெருக்களில் இந்திய எதிர்ப்பைக் கிளப்பிய ஜே.வி.பி., இந்தியப் பொருட்களை வாங்காதே என்று கடைக்காரர்களை மிரட்டியது. அந்த இயக்கம் தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விரிவாதிக்கம்'. அதில் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவின் கையாட்களாகச் சித்திரிக்கப்பட்டார்கள். டெல்லி அவர்களைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. டெல்லிக்காக அடிவாங்கும் நிலை மட்டும் அவர்களுக்கு.

அப்படியானால் தலித்துகளுக்கு ஈழத்தின்மீது அக்கறை இல்லையா என்று கேட்பார்கள். அது தவறான கேள்வி. 1983க்குப் பிந்தைய மாணவர் போராட்டங்களில் நம் பிள்ளைகள் முன்வரிசையில் நின்றார்கள், அந்த அலையில் அரசியலுக்கு வந்தவர்களில் திருமாவளவனும் ஒருவர். யாழ்ப்பாணத்திலேயே 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் அடி வாங்கியவர்கள் உண்டு, கே. டானியலின் 'பஞ்சமர்' உண்டு. அக்கறை இருந்தது. அந்த அக்கறையை அதன் சொந்தக் குரலில் பேசவிடும் மேடைதான் இல்லை. இனம் என்ற சொல் பெரிதாக ஒலித்தபோதெல்லாம் சாதி என்ற சொல்லைப் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவைத்தார்கள்.

தேர்தலில் என்ன நடந்தது என்றும் கேட்பீர்கள். 1989 மக்களவைத் தேர்தலில், அந்தப் படையை அனுப்பிய காங்கிரசும் அதன் கூட்டாளி அ.தி.மு.க.வும் தமிழ்நாட்டில் 39இல் 38 தொகுதிகளை வென்றன. அமைதிப்படையை நாடாளுமன்றத்தில் கடுமையாக எதிர்த்த வைகோ சிவகாசியில் தோற்றார். 1998லும் 1999லும் அதே தொகுதி அவரை ஜெயிக்க வைத்தது, அதற்குக் கூட்டணிக் கணக்கும் சாதிக் கணக்கும் காரணம். மேடையின் சத்தத்தை வைத்து மக்களின் மனதை எழுதக்கூடாது.

1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திரும்பியது. சென்னைத் துறைமுக வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை. சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் திரும்பவே இல்லை.

இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும் தோழர்களுக்கு ஒரு வேலை. ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் அத்தைகளிடமும் சித்திகளிடமும் 1987 தீபாவளியைப் பற்றிக் கேளுங்கள். தீப்பெட்டி ஆபீஸில் அப்போது என்ன பேசிக்கொண்டார்கள்? தெருவிலிருந்து யாராவது பட்டாளத்துக்குப் போய் இலங்கையில் இருந்தார்களா? சிலோனிலிருந்து வந்த குடும்பம் எந்த வீட்டில் தங்கியது, அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைத்ததா, எத்தனை முறை தாலுகா ஆபீஸுக்கு நடந்தார்கள்? குல்லூர்சந்தை முகாம் பக்கம் போகிறவர்கள் அங்கேயும் கேளுங்கள், ஆனால் பேச விருப்பமில்லாதவர்களை வற்புறுத்தாதீர்கள். போனில் பதிவு செய்வதானால் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள், பெயரை எழுத வேண்டாம். ஊரையும் அப்போதைய வயதையும் எழுதினால் போதும்.