திருவனந்தபுரத்து வானலைகளும் அவற்றை அளந்த கருவியும்

திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் தொடங்கி, 1950 ஏப்ரல் 1இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தபோது, கோபுரத்தருகே வாழ்வோர்மீது படும் வானலைக்கு இந்தியாவில் வரம்பு ஏதும் விதிக்கப்பட்டிருக்கவில்லை. அமெரிக்காவில் ஹெர்மன் ஷ்வான் 1953இல்தான், உடல் சூடாவதை அடிப்படையாக்கி, சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் என்னும் உச்சவரம்பை முன்மொழிந்தார்.

அலைபேசிக் கோபுரங்கள் பெருகிய பிறகு, 2008இல் இந்தியா சர்வதேச ஆணையமொன்றின் 1998ஆம் ஆண்டு வரம்புகளை ஏற்றது. 2012 செப்டம்பர் 1 முதல் அவற்றைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. இதனால் 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட்டாக இருந்த வரம்பு 0.45 வாட்டானது. முன்னெச்சரிக்கையாக எடுக்கப்பட்ட இம்முடிவு, அளவீட்டின் நுட்பத்தை மக்கள் அறிய வேண்டிய தேவையையும் கூட்டியது.

அளக்கும் உணர்கருவியின் உருண்டைத் தலைக்குள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று சிற்றலைவாங்கிகள் உள்ளன. எத்திசையிலிருந்து அலை வந்தாலும் மூன்றின் பங்கும் கூட்டப்படுகிறது. டையோடு அலையை நேர்மின்னழுத்தமாக்க, அதை மீட்டருக்குக் கொண்டுசெல்லும் கம்பி, தானே அலையைக் கலைக்காதபடி உயர் மின்தடை கொண்டதாக அமைகிறது. கணநேர உச்சம் அன்றி, ஆறு நிமிடச் சராசரியே வரம்போடு ஒப்பிடப்படுகிறது. ஆயினும் பல நூறு மீட்டர் அலைநீளமுள்ள மத்திய அலைக் கோபுரத்தருகே மின்புலத்திலிருந்து காந்தப்புலத்தைக் கணித்துவிட முடியாது என்பதால், அங்கு இரண்டையும் தனித்தனியே அளந்தாக வேண்டும்.