வான்பட நிறத்தின் வரலாறும் கெடாவின் வானமும்

கெடா மாநிலத்தில், லங்காவித் தீவின் புக்கிட் மாலுட் குன்றில் தேசிய வானாய்வகமும், கோலா மூடாவின் புலாவ் சாயாக் கரையில் பிறை பார்க்கும் இடமும் அமைந்திருப்பதால், வான்படக் கோப்புகளின் வரலாறு இவ்வட்டாரத்துக்கும் உரியதே. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி எனும் ஒளியுணர் சில்லு ஒளியின் அளவை மட்டுமே அறியும் என்பதால், வானியலாளர் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே தனித்தனியாகப் படமெடுத்துப் பின்னர் இணைத்தனர். மேகம் அடிக்கடி குறுக்கிடும் கெடா போன்ற ஈரவானத்தில் இம்முறை பொறுமையைக் கடுமையாகச் சோதிக்கக்கூடியது.

கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு, நான்கு படப்புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு சதுரத்திலும் இரு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீல வடிகட்டிகளைப் பதித்து, ஒரே படப்பிடிப்பில் மூன்று நிறங்களையும் தந்தது. ஆயினும் மூலக்கோப்பு சாம்பல் நிறக் கட்டங்களாகவே தோன்றும். விடுபட்ட நிறங்களை அண்டைப் புள்ளிகளிலிருந்து கணித்து நிரப்பும் முன், மூடிய கேமராவில் எடுத்த இருட்படத்தைக் கழித்துவிட வேண்டும், இல்லையேல் ஒரு புள்ளியின் பழுது அண்டைப் புள்ளிகளுக்கும் பரவிவிடும். இத்தகைய வான்படங்களைச் சேமிக்க உதவும், 1981இல் வெளியிடப்பட்ட ஃபிட்ஸ் கோப்புவடிவம், எண்பது எழுத்து வரிகளாலான தலைப்பில் படவிவரங்களைச் சுமக்கிறது. எனினும் படப்புள்ளி வரிசைகளை ஒரு மென்பொருள் கீழிருந்தும் மற்றொன்று மேலிருந்தும் வாசித்தால், வடிகட்டிகளின் ஒழுங்கு புரண்டு, செந்நிற வளிமேகம் பச்சையாகிவிடும்.