பகதூர் (படக்கதை நாயகன்)

இந்திரஜால் காமிக்ஸில் 1976 டிசம்பரில் அறிமுகமான இந்தியப் படக்கதை வீரன். படைத்தவர் குஜராத்தி, இந்தி எழுத்தாளரும் ஓவியருமான ஆபித் சூர்த்தி. தொடக்கக் காலப் படங்களை வரைந்தவர் கோவிந்த் பிராமணியா.

டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964இல் தொடங்கிய இந்திரஜால், முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வேதாளன், மாண்ட்ரேக் போன்ற அமெரிக்க நாயகர்களையே நம்பியிருந்தது. தமிழிலும் நிலைமை அதுதான். 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் நாயகன் இரும்புக்கை மாயாவி பிரிட்டனில் பிறந்தவன். இந்த மண்ணின் முகத்தோடு ஒரு வீரனை நிறுத்தியதே சூர்த்தியின் பெரிய சாதனை.

பகதூரின் தந்தை பைரவ் சிங் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக்காரர். அவரைச் சுட்டுக்கொன்ற காவல் அதிகாரி விஷாலே சிறுவனை வளர்க்கிறார். பழிவாங்கத் துடித்த பையன் தந்தையைப் பற்றிய உண்மை தெரிந்து மனம் மாறுகிறான். கொள்ளையரை எதிர்க்க ஊர்மக்களைத் திரட்டிக் குடிமக்கள் பாதுகாப்புப் படை அமைக்கிறான். ஒரு தனி மனிதனின் சாகசத்தை ஊரின் தற்காப்பாக விரித்த இந்த இடமே தொடரின் உயிர்.

முகமூடி கிடையாது, மந்திர சக்தியும் கிடையாது. காவி குர்தா, ஜீன்ஸ், கைவசம் தற்காப்புக் கலை, அவ்வளவுதான். தோழி பேலாவும் சண்டைக் கலை தேர்ந்தவள். காப்பாற்றப்படுவதற்காகவே பெண் பாத்திரங்களை வைத்த அக்காலப் படக்கதைகளில் இது அரிது.

பின்னாளில் ஜக்ஜித் உப்பல் கதை எழுதினார். 1990இல் இந்திரஜால் நின்றது.