டியாகோ கார்சியா: கடலில் மீட்கப்பட்ட இலங்கைத் தமிழர்கள் 3 ஆண்டுகள் கூடாரத்தில் அடைபட்டது ஏன்?

கனடா போகலாம் என்று கிளம்பிய இலங்கைத் தமிழர்கள் சென்ற மீன்பிடிப் படகு, 2021 அக்டோபரில் இந்தியப் பெருங்கடலில் பழுதானது. குழந்தைகள் உட்பட 89 பேரையும் மீட்ட பிரிட்டன், டியாகோ கார்சியா தீவில் இறக்கியது. சில நாள் தங்கல் என்று நினைத்தவர்களுக்கு அது 3 ஆண்டுகளாக நீண்டது.

அது என்ன தீவு?

கன்னியாகுமரியிலிருந்து சுமார் 1,800 கி.மீ. தெற்கே உள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. பிரிட்டன் நிர்வாகம், அமெரிக்க ராணுவத் தளம். பூர்வகுடிகளான சாகோசியர்களை 1973-க்குள் பிரிட்டன் வெளியேற்றிவிட்டது. வெளியாட்கள் சாதாரணமாக உள்ளே போகவே முடியாது.

ஏன் உடனே அடைக்கலம் கிடைக்கலை?

இங்குதான் சிக்கல். ஐ.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கையில் பிரிட்டன் கையெழுத்திட்டிருக்கிறது. ஆனா, இந்தத் தீவுக்கு அதை நீட்டிக்கவில்லை. அதனால் பிரிட்டன் மண்ணில் இறங்கியவருக்குக் கிடைக்கும் வழிமுறை இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆபத்து இருக்கும் நாட்டுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற பொதுவான சர்வதேச விதி மட்டும்தான் பாதுகாப்பு.

முகாமில் நிலைமை எப்படி?

வேலி, காவலர்கள், எலி நுழையும் கூடாரங்கள். வெளியே சுதந்திரமாக நடமாட அனுமதி இல்லை. உண்ணாவிரதப் போராட்டங்களும் தற்கொலை முயற்சிகளும் நடந்தன. சிலர் சிகிச்சைக்காக ருவாண்டாவுக்கு அனுப்பப்பட்டனர். வேறு சிலர் இலங்கைக்கே திரும்பினர்.

கோர்ட் என்ன சொன்னது?

2024 ஜூலையில் தீவிலேயே நடக்கவிருந்த விசாரணை, பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா அனுமதி மறுத்ததால் தள்ளிப்போனது. செப்டம்பரில் நீதிபதியே தீவுக்கு வந்து முகாமைப் பார்த்தார். "இவர்களை நாங்கள் காவலில் வைக்கவில்லை" என்பது நிர்வாகத்தின் வாதம். அதை ஏற்காத தீவின் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளும் சட்டவிரோதமாகவே அடைத்து வைக்கப்பட்டனர் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

இப்போ எங்கே இருக்காங்க?

தீர்ப்புக்குச் சில நாட்களுக்கு முன்பே, அப்போது முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் விமானத்தில் பிரிட்டனுக்கு அழைத்து வரப்பட்டனர். ஆனா, முதலில் கிடைத்தது 6 மாதத் தங்கும் அனுமதி மட்டுமே.

இனி யாராவது வந்தால்?

சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் 2025 மே மாதம் பிரிட்டன் கையெழுத்திட்டது. அது நடைமுறைக்கு வரும்வரை, புதிதாக வருவோரை அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்புவது பிரிட்டனின் திட்டம். அதாவது, இன்னொரு தீவு.

அகதிகள் உடன்படிக்கை எட்டாத இடத்தில்கூட, சட்டம் அனுமதிக்காமல் ஒருவரை அடைத்து வைக்க முடியாது என்பதே இந்தத் தீர்ப்பு சொல்லும் செய்தி. அதை நிரூபிக்க அந்த மக்களுக்கு 3 வருஷம் ஆகியிருக்கு.