துப்பாக்கித் தடை: சட்டம் போடலாம், அமல்படுத்த முடியுமா?

அமெரிக்காவில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தால் அடுத்த நாளே இரண்டு குரல்கள் கிளம்பும். "இந்த மாதிரி துப்பாக்கிகளை உடனே தடை செய்யுங்கள்" என்பது ஒன்று. "தடை செய்துவிட்டால் கெட்டவன் கொண்டு வந்து ஒப்படைத்துவிடுவானா?" என்பது இன்னொன்று. முதல் குரல் நியாயத்தைப் பேசுகிறது, இரண்டாவது நடைமுறையைப் பேசுகிறது.

துப்பாக்கி வைத்திருப்பது உரிமையா இல்லையா என்ற பெரிய சண்டையைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். இப்படிப்பட்ட தடைகளை அமல்படுத்த முடியுமா? இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஓரளவு பதில் இருக்கிறது.

200 டாலர் வரி

1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ரவுடிக் கும்பல் மோதலில் 7 பேர் சுவரோரம் நிற்க வைக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதுபோன்ற சம்பவங்களின் விளைவாக 1934-இல் தேசிய துப்பாக்கிச் சட்டம் வந்தது. இயந்திரத் துப்பாக்கி, குழல் வெட்டிய ஷாட்கன், சைலன்சர் போன்றவற்றை இந்தச் சட்டம் தடை செய்யவில்லை. ஒவ்வொன்றையும் பதிவு செய்ய வேண்டும், கைமாறும்போது 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்றது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு ஒரு தாம்சன் துப்பாக்கியின் விலையே கிட்டத்தட்ட 200 டாலர்! முதல் மசோதாவில் சாதாரண கைத்துப்பாக்கிகளும் இருந்தன. எதிர்ப்பு வந்ததும் அவற்றை நீக்கிவிட்டார்கள்.

1968-இல் ஒரு வேடிக்கை நடந்தது. பதிவு செய்யாத துப்பாக்கியோடு பிடிபட்ட ஒருவர், "நான் பதிவு செய்யப் போனால் என் குற்றத்தை நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்த அரசியல் சாசனத்தில் இடமில்லை" என்று வாதாடினார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அதாவது, சட்டத்தை மதிக்கிறவர் பதிவு செய்யாவிட்டால் தண்டனை, குற்றவாளி பதிவு செய்யாவிட்டால் தப்பிக்க வழி! அதே ஆண்டில் காங்கிரஸ் அந்த ஓட்டையை அடைத்தது. 1986-க்குப் பிறகு புதிய இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதும் நின்றது.

பதிவு செய்யப்பட்ட இயந்திரத் துப்பாக்கிகள் குற்றங்களில் பயன்படுவது மிக மிக அபூர்வம். அதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம். நாடு முழுவதும் பரவும் முன்பே சட்டம் வந்துவிட்டது. யாரிடம் என்ன இருக்கிறது என்ற கணக்கு இருந்தது. விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

1994: பெயரை மாற்றினால் போதும்

1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரப் பள்ளியில் 5 குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். அன்று தொடங்கிய விவாதம் 1994 செப்டம்பர் 13-இல் கிளின்டன் கையெழுத்திட்ட மத்தியச் சட்டத்தில் போய் முடிந்தது. 19 மாடல்கள் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டன. 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களும் தடை செய்யப்பட்டன. (மேகசின் என்றால் வாரப் பத்திரிகை இல்லை. தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் டப்பா!)

சிக்கல் எங்கே வந்தது? பெயர் சொல்லாத துப்பாக்கிகளுக்கு ஒரு பட்டியல் வைத்தார்கள். மேகசினைக் கழற்றி மாட்டும் ரைஃபிளில், பிஸ்டல் பிடி, மடக்கும் கட்டை, பயனெட் மாட்டும் கொக்கி, குழல் முனையில் வெளிச்சத்தை மறைக்கும் கருவி, கிரனேடு லாஞ்சர் ஆகியவற்றில் ஏதாவது இரண்டு இருந்தால் தடை. ஒன்று மட்டும் இருந்தால் தடை இல்லை! கம்பெனிகள் கொக்கியை அறுத்தன, பெயரை மாற்றின, மறுபடி விற்றன. டெக்-9 என்ற துப்பாக்கி ஏபி-10 என்ற பெயரில் வந்தது. ஏபி என்றால் 'தடைக்குப் பின்' என்று அர்த்தமாம்!

ஏற்கெனவே மக்களிடம் இருந்தவற்றைச் சட்டம் தொடவே இல்லை. அந்த வகைத் துப்பாக்கிகள் அன்றைக்கே சுமார் 15 லட்சம் இருந்ததாக மதிப்பீடு. 1999-இல் கொலம்பைன் பள்ளியில் 13 பேரைக் கொன்ற மாணவர்கள் பயன்படுத்திய துப்பாக்கிகளில் ஒன்று, தடைச் சட்டத்துக்கு முழுவதும் உட்பட்டுத் தயாரான கார்பைன்.

10 ஆண்டு ஆயுளோடு பிறந்த அந்தச் சட்டம் 2004 செப்டம்பரில் காலாவதியானது. பயனே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. வர்ஜீனியா மாநிலத்தில் போலீஸ் கைப்பற்றிய துப்பாக்கிகளை வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை ஆராய்ந்தது. பெரிய மேகசின் இருந்த துப்பாக்கிகளின் பங்கு 2004-இல் சுமார் 10 சதவீதமாகக் குறைந்திருந்தது. தடை போனபின், 2010-இல் 20 சதவீதத்தைத் தாண்டியது. பழைய சரக்கு தீரத் தீரத்தான் தடை வேலை செய்யத் தொடங்கும். அது வேலை செய்யத் தொடங்கிய நேரத்தில் சட்டமே முடிந்துவிட்டது.

டப்பாவுக்கு நம்பர் இல்லை

துப்பாக்கிக்காவது வரிசை எண் உண்டு. மேகசினுக்கு அது கிடையாது. ஒரு தகர அல்லது பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். 1994 சட்டத்தின்போது, போலீசுக்காகத் தயாரான புதிய பெரிய மேகசின்களில் முத்திரை குத்தச் சொன்னார்கள். முத்திரை இல்லாவிட்டால் பழையது என்று அர்த்தம், பழையது என்றால் சட்டப்படி சரி.

கலிஃபோர்னியா 2016-இல் ஒரு படி மேலே போய், பழைய பெரிய மேகசின்களை வைத்திருப்பதையே தடை செய்தது. 2019 மார்ச் 29-இல் ஒரு நீதிபதி அந்தச் சட்டத்தை நிறுத்தினார். ஒரே வாரத்தில் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் அந்த ஒரு வாரத்துக்குள் லட்சக்கணக்கான மேகசின்கள் மாநிலத்துக்குள் வந்து சேர்ந்தன. 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லும் என்றது. சரி, அந்த மேகசின்கள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று யார் கண்டுபிடிப்பது?

ஷெரிஃப் மாட்டேன் என்றால்?

சட்டத்தைக் காகிதத்தில் எழுதுபவர் ஒருவர், வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியவர் வேறொருவர். 1997-இல் உச்ச நீதிமன்றம், மத்தியத் துப்பாக்கிச் சட்டத்தை நிறைவேற்றும்படி உள்ளூர் அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவரே மொன்டானா மாநிலத்து ஷெரிஃப்தான்.

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, மத்தியில் கொண்டுவந்த தடை செனட்டில் 40-க்கு 60 என்று தோற்றது. நியூயார்க் மாநிலம் தனியாகச் சட்டம் போட்டது. பழைய துப்பாக்கிகளை 2014 ஏப்ரலுக்குள் பதிவு செய்யச் சொன்னது. எத்தனை பதிவாயின? 44,485. மாநிலத்தில் 10 லட்சம் வரை இருக்கும் என்று துப்பாக்கித் தொழில் தரப்பு சொல்லியிருந்தது. அந்தக் கணக்கு மிகை என்று வைத்துக்கொண்டாலும் இடைவெளி பெரிதுதான். பல மாவட்ட ஷெரிஃப்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள்.

அதே சட்டத்தில் இன்னொரு விதி: 10 தோட்டா மேகசின் வைத்திருக்கலாம், ஆனால் 7 தோட்டாதான் போட வேண்டும்! எட்டாவது தோட்டாவை எண்ணிப் பார்ப்பது யார்? அந்த விதியை நீதிமன்றம் ரத்து செய்தது.

கடலுக்கு அப்பால்

1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டே வாரத்துக்குள் பிரதமர் ஜான் ஹோவர்ட் எல்லா மாநிலங்களையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார். அரசு காசு கொடுத்துத் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியது. அதற்காக மருத்துவக் காப்பீட்டு வரியை ஓராண்டுக்கு 0.2 சதவீதம் கூட்டினார்கள். சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. இறக்குமதி நின்றது, பதிவும் கட்டாயமானது.

நியூசிலாந்து நீண்ட துப்பாக்கிகளைப் பதிவு செய்வதை 1983-இல் கைவிட்டிருந்தது. 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு, நாடாளுமன்றம் 119-க்கு 1 என்ற வாக்கில் தடை கொண்டுவந்தது. 56 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் திரும்ப வந்தன. மொத்தத்தில் அது எத்தனை சதவீதம்? பதிவேடு இல்லாததால் உறுதியாகச் சொல்ல ஆளில்லை. 2023-இல் அந்த நாடு மறுபடி பதிவேட்டைத் திறந்தது.

அமெரிக்காவிலோ 1986 சட்டம் மத்திய அரசு அப்படி ஒரு பொதுப் பதிவேடு வைப்பதையே தடுக்கிறது. அதை வைத்துக்கொண்டு இன்னொரு தடையைப் பேசுவது, வீட்டு நம்பரே இல்லாத ஊரில் தபால் கொடுக்கக் கிளம்புவது போலத்தான்.

ஆகவே இரண்டு குரல்களிலும் பாதி உண்மை இருக்கிறது. கடையில் விற்பதைத் தடுக்கலாம், அதை உலகம் செய்து காட்டியிருக்கிறது. பீரோவில் ஏற்கெனவே இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் பணம், பதிவேடு, மக்களின் சம்மதம் மூன்றும் வேண்டும். இவை இல்லாமல் போடும் சட்டம் பத்தாண்டு காத்திருந்தால்தான் பலன் தரும். அதுவரை பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது?