நிற்கும் லாரியும் குடித்த ஓட்டுநரும்

தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் இரவு நேரத்தில் பயணம் செய்பவர்கள், இரும்புலியூரிலிருந்து பெருங்களத்தூர், வண்டலூர் வரை சாலையோரத்தில் லாரிகள் நிற்பதைக் கண்டிருப்பார்கள். சென்னை மாநகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. ஆகையால் நேரம் வரும்வரை சில லாரிகள் இங்கே காத்திருக்கின்றன. புறவழிச்சாலையைப் பிடித்து மதுரவாயல், புழல் பக்கம் போக வேண்டியவையும், வண்டலூரிலிருந்து வெளிவட்டச் சாலையில் மீஞ்சூருக்குப் போக வேண்டியவையும் உண்டு. ஓட்டுநர் சாப்பிடுகிறார், சிலர் குடிக்கவும் செய்கிறார்கள், பிறகு இருக்கைக்குப் பின்னால் உள்ள பலகையில் படுத்துவிடுகிறார்கள். என்ஜின் அணைந்திருக்கிறது. சாவி சட்டைப் பையில் இருக்கிறது. அப்போது ரோந்து வரும் காவலர் ஒருவர் கதவைத் தட்டினால் என்ன ஆகும்? அந்த ஓட்டுநர் ‘குடித்துவிட்டு வண்டி ஓட்டிய’ குற்றவாளியா?

எளிய கேள்வியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இதற்கு விடை தேடிப் போனால் நூற்றைம்பது ஆண்டு வரலாறு பின்னால் நிற்கிறது. வேதியியலுக்கும் சட்டத்துக்கும் அதில் சம பங்கு உண்டு.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே, 1872-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் ஒரு மது உரிமச் சட்டம் வந்தது. பொதுச் சாலையில் வண்டி, குதிரை, கால்நடை, நீராவி எந்திரம் ஆகியவற்றைத் ‘தன் பொறுப்பில்’ வைத்துக்கொண்டு ஒருவன் குடிபோதையில் இருந்தால் அது குற்றம் என்றது அச்சட்டம். மாட்டை ஓட்டிச் செல்பவனும் அதில் அகப்பட்டான்! ‘ஓட்டுதல்’ என்ற சொல்லைவிடப் ‘பொறுப்பில் வைத்திருத்தல்’ என்ற சொல் அகலமானது என்பதைக் கவனிக்க வேண்டும். 1925-இல் இதே சொல் மோட்டார் வண்டிகளுக்கும் வந்தது. 1930-ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்று நிலைகளைச் சொன்னது: வண்டியை ஓட்டுதல், ஓட்ட முயலுதல், பொறுப்பில் வைத்திருத்தல். இம்மூன்றில் எதுவாயினும், வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதையில் இருப்பது குற்றம்.

இந்தியாவில் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் விரிவான மோட்டார் வாகனச் சட்டம் 1939-இல் இயற்றப்பட்டது. அதன் 117-ஆவது பிரிவு மேற்சொன்ன ஆங்கிலச் சட்டத்தை ஏறக்குறைய வரிக்கு வரி ஒத்திருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு. ‘ஓட்டுதல்’ இருக்கிறது, ‘ஓட்ட முயலுதல்’ இருக்கிறது, ‘பொறுப்பில் வைத்திருத்தல்’ மட்டும் இல்லை. 1988-இல் வந்த புதிய சட்டத்தின் 185-ஆவது பிரிவிலும் அது இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கு அந்தச் சொல் தெரியாமல் இல்லை. அதே 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 122, 126 ஆகிய பிரிவுகளைப் பாருங்கள். வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதை ஆபத்தான இடத்தில் நிறுத்தக்கூடாது. என்ஜினை அணைக்காமலும் பிரேக் போடாமலும் விட்டுப் போகக்கூடாது என்று அங்கே தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். குடிபோதைப் பிரிவில் மட்டும் அச்சொல் இடம்பெறவில்லை.

ஆக, இரும்புலியூரில் உறங்கும் ஓட்டுநர் 185-ஆவது பிரிவின் சொற்களுக்குள் வரமாட்டார். ‘ஓட்ட முயன்றார்’ என்று சொல்ல முடியுமா? இதற்கும் ஒரு லாரி வழக்கே வழிகாட்டுகிறது. நெல்லை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகத் தடை இருந்த காலத்தில், பஞ்சாபிலிருந்து டில்லி நோக்கி நெல் மூட்டைகளுடன் சென்ற ஒரு லாரி, எல்லைக்கு முன்னதாகவே சமால்கா என்ற இடத்தில் பிடிபட்டது. இது கடத்தும் முயற்சியா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இது வெறும் ஆயத்தமே, முயற்சி அன்று என்று 1968-இல் தீர்ப்பாயிற்று. எல்லைக்கு முன் எந்த இடத்திலும் அவர்கள் மனம் மாறித் திரும்பியிருக்கலாம் அல்லவா? இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சாவியைப் பையில் வைத்து உறங்குவது ஆயத்தம்கூட ஆகாது. சாவியைத் துவாரத்தில் நுழைத்து என்ஜினைக் கிளப்பினால் கதை வேறு.

இங்கிலாந்தில் நிற்கும் வண்டிக்குள் இருப்பவருக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. வண்டியை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்வரை அது உன் பொறுப்பில்தான் இருக்கிறது என்று 1953-இல் ஒரு வழக்கில் தீர்ப்பு வந்தது. இது கடுமையானது என்று பலரும் உணர்ந்ததால் 1956-இல் சட்டத்தைச் சற்றே தளர்த்தினார்கள். போதை தெளியும்வரை தான் வண்டியை ஓட்டக்கூடிய நிலையே எழாது என்று குற்றம் சாட்டப்பட்டவர் மெய்ப்பித்தால் தப்பலாம். மெய்ப்பிக்கும் சுமை அவருடையதே. 2004-இல் அந்நாட்டின் பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1983-இல் வேறு விதமாகச் சிந்தித்தது. சாலையோர ஒதுக்குப் பாதையில் என்ஜினை அணைத்துவிட்டு நினைவின்றிக் கிடந்த ஒருவரைத் தண்டிக்க மறுத்தது. தண்டித்தால், போதையை உணர்ந்து ஓரங்கட்டுவதற்கு யாரும் முன்வரமாட்டார்கள், எப்படியாவது வீடு போய்ச் சேரலாம் என்றே ஓட்டுவார்கள் என்பது நீதிபதிகளின் வாதம். இரண்டு நிலைகளில் அரிசோனாவின் பக்கமே எனக்கு நியாயமாகப் படுகிறது.

போதையை எப்படி அளப்பது? 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண் எதுவும் இல்லை. ‘கட்டுப்படுத்த இயலாத அளவு’ என்றால் எவ்வளவு? மருத்துவர் வாயை மோந்து பார்ப்பார், நடக்கச் சொல்வார், கண்மணியைப் பார்ப்பார். இது போதாது என்று 1971-இல் ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மது வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி, குழறிய பேச்சு ஆகியவை இருந்தும் இரத்தச் சோதனை செய்யாததால் போதை மெய்ப்பிக்கப்படவில்லை என்பது தீர்ப்பு.

எண்ணைத் தந்தவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலறிஞர் எரிக் விட்மார்க். விரல் நுனியில் எடுத்த சில துளி இரத்தத்திலிருந்தே ஆல்கஹாலின் அளவைக் காணும் முறையை அவர் 1922-இல் வெளியிட்டார். நார்வே 1936-இல் உலகிலேயே முதன்முதலாக இரத்த ஆல்கஹாலுக்குச் சட்ட வரம்பு விதித்தது. ஆனால் நடுச்சாலையில் இரத்தம் எடுப்பது எப்படி? இதற்கு மூச்சே விடை. நுரையீரலின் நுண்ணறைகளில் இரத்தமும் காற்றும் மெல்லிய சவ்வுக்கு இருபுறமும் இருக்கின்றன. இரத்தத்தில் உள்ள ஆல்கஹால் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் காற்றுக்குள் ஆவியாகிறது. ஏறத்தாழ 2,100 மில்லிலிட்டர் மூச்சுக் காற்றில் உள்ள ஆல்கஹால் 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்று கொள்கிறார்கள். இந்த விகிதம் ஆளுக்கு ஆள் சற்று மாறும். ஆயினும் சாலைச் சோதனைக்கு இது போதுமானது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரோலா ஹார்கர் 1931-இல் உருவாக்கிய கருவியில், பலூனில் ஊதிய மூச்சு பெர்மாங்கனேட் கரைசலின் ஊதா நிறத்தை மங்கச் செய்தது. அதே மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் போர்கன்ஸ்டைன் 1954-இல் இன்னும் கைக்கடக்கமான கருவியை அமைத்தார். அதில் கந்தக அமிலத்தில் கரைத்த பொட்டாசியம் டைகுரோமேட் இருந்தது. ஆரஞ்சு நிறமான இந்த உப்பு ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டுத் தான் பச்சை நிறக் குரோமிய உப்பாக மாறுகிறது. எவ்வளவு நிறம் மாறியது என்பதை ஒளிமின்கலம் அளந்து சொல்லும்.

தாம்பரத்து வாசகர்களுக்கு இந்த வேதிவினை அந்நியமானதன்று. மின்ரயிலில் தாம்பரத்துக்கு இரண்டு நிலையம் முன்னால் வரும் குரோம்பேட்டைக்கு அப்பெயர் எப்படி வந்தது? 1912-இல் சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. தோலைக் குரோமிய முறையில் பதனிடுபவர்கள் ஆரஞ்சு நிற டைகுரோமேட்டை வெல்லப்பாகு போன்ற பொருளைச் சேர்த்துப் பச்சை நிறக் குரோமிய உப்பாக மாற்றிப் பயன்படுத்தி வந்தார்கள். தொட்டியில் சர்க்கரை செய்த வேலையைக் கருவியில் ஓட்டுநரின் மூச்சு செய்கிறது! இன்று காவலர்கள் கையில் வைத்திருக்கும் கருவிகளில் டைகுரோமேட் இல்லை. எரிபொருள் மின்கலம் ஒன்றில் ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் அடையும்போது பிறக்கும் மின்னோட்டம் எண்ணாகத் திரையில் தெரிகிறது.

1988-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் மிகக் கண்டிப்பாக இருந்தது. எவ்வளவு சிறிய அளவாயினும் இரத்தத்தில் ஆல்கஹால் இருக்கக்கூடாது என்றது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்தது. இங்கிலாந்து 1967-இல் விதித்த வரம்பு 80 மில்லிகிராம் என்பதோடு ஒப்பிட்டால் நம்முடையது கடுமையானதே. 2019 செப்டம்பர் முதல், முதற்குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் நடுவே தமிழ்நாட்டுக்கென்றே ஒரு தனிக் கதை உண்டு. 1937-இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபரில் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. அதன் பிறகு 1971 வரை, நிற்கும் லாரியா ஓடும் லாரியா என்ற கேள்விக்கே இங்கு வேலை இல்லை. அனுமதியின்றிக் குடித்ததே குற்றம்! 1971-இல் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1974-இல் திரும்ப வந்தது. 1981-இல் மீண்டும் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடைகள் நெடுஞ்சாலையோரங்களில் நிறைந்தன. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் ஆணையிட்டது. 2017 ஜூலையில், நகராட்சி எல்லைகளுக்குள் இந்த ஆணை தடையாகாது என்று விளக்கமும் வந்துவிட்டது. அப்போது நகராட்சியாக இருந்த தாம்பரம் அந்த விளக்கத்துக்குள் அடங்கியது.

185-ஆவது பிரிவிலிருந்து தப்பியதாலேயே நம் ஓட்டுநர் முழுவதும் தப்பிவிட்டார் என்று எண்ணவேண்டாம். பொது இடத்தில் போதையில் இருப்பதைத் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் குற்றமாகவே கருதுகிறது. மூடிய லாரிக் கூண்டு பொது இடமா? பீகாரின் மதுவிலக்குச் சட்டம் பற்றிய வழக்கில், பொதுச் சாலையில் உள்ள தனியார் வாகனமும் பொது இடமே, மக்கள் அதை அணுக வாய்ப்பு இருக்கிறது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அது பீகார் சட்டத்தின் சொற்களுக்குச் சொன்ன விளக்கம். அப்படியே இங்கும் செல்லும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வாதத்துக்கு வழி திறந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், உண்மையான ஆபத்து இரவு பத்து மணியில் இல்லை, விடியற்காலையில்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் விற்கும் 180 மில்லிலிட்டர் குவார்ட்டர் புட்டியில் உள்ள மதுவில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். அதாவது சுமார் 77 மில்லிலிட்டர். எடையில் 61 கிராம். ஆல்கஹால் உடலின் நீர்ப்பகுதியில்தான் பரவும் என்பதால் 65 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்கு விட்மார்க் வகுத்த முறைப்படி 44 கிலோவைக் கணக்கில் கொள்ள வேண்டும். இரத்தத்தில் ஏறும் அளவு 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிகிராம். வயிற்றில் சோறு இருந்தால் உச்ச அளவு சற்றுக் குறையும். ஈரலில் உள்ள நொதி இதை மணிக்கு 15 மில்லிகிராம் அளவிலேயே சிதைக்கிறது. காப்பி குடித்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும், மோர் சாதம் சாப்பிட்டாலும் இந்த வேகம் கூடுவதில்லை. 140-இலிருந்து 30-க்கு இறங்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்து மணிக்குக் குடித்தவர் நன்றாக உறங்கி, மாநகரக் கட்டுப்பாடு தொடங்கும் முன் சரக்கை இறக்கிவிட வேண்டுமென்று நான்கு மணிக்கு எழுந்து முகம் கழுவுகிறார். தெளிந்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றுகிறது. அவர் இரத்தத்தில் அப்போதும் 50 மில்லிகிராம் இருக்கிறது. சாவியைத் திருப்பும் அந்த நொடியில், இரவெல்லாம் 185-ஆவது பிரிவுக்கு வெளியே இருந்தவர் அதற்குள் வந்துவிடுகிறார். முப்பது டன் எடை அவர் பின்னால் இருக்கிறது. அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுநர்களுக்குப் பணியேறுவதற்கு முந்திய நான்கு மணி நேரத்தில் மதுவே கூடாது. வரம்பும் பிறரைவிடப் பாதி. நம் சட்டத்தில் ஸ்கூட்டருக்கும் லாரிக்கும் ஒரே வரம்புதான்.

ஓட்டுநர் ஏன் வண்டியிலேயே உறங்குகிறார் என்பதும் சட்டத்தோடு தொடர்புடையது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரம்பு கட்டி, இரவில் தங்கும் இடங்களில் ஓய்வறை அமைத்துத் தர வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளியிடம் வேலை பார்ப்பவருக்கு லாரிக் கூண்டுதான் ஓய்வறை. சரக்குக்கும் டீசலுக்கும் காவலும் அவரே. சித்திரை மாதத்து இரவில் என்ஜினின் சூடு தணியாத அந்தக் கூண்டுக்குள் உறங்க முடியாமல்தான் குடிக்கிறோம் என்று ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. புதிதாகத் தயாரிக்கப்படும் சரக்கு லாரிகளின் ஓட்டுநர் கூண்டுக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகியிருக்கிறது. அதற்கு முன் தயாராகி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லாரிகளுக்கு இந்த விதி கிடையாது.